நமக்கு விசுவாசத்தைச் சொன்னவர்கள்: ஒரு வரலாற்று நோக்கு



ஜூபிலி மலர் என்றாலே கோவில் கட்டிய வரலாறு முன்னால் வந்து நிற்கும். அஸ்திவாரக் கல் நாட்டியவர், மணி வாங்கித் தந்தவர், பீடத்துக்குப் பளிங்கு கொடுத்தவர் என்று ஒவ்வொருவரையும் நன்றியோடு நினைப்பது முறையே. அவ்விவரங்கள் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வி. நமது ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் பெயர், தாய் தந்தை, ஞானத்தாய், ஞானத்தந்தை, ஞானஸ்நானம் கொடுத்த குரு, நாள், கையொப்பம் என எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சேசுவைப் பற்றி எடுத்துச் சொன்னவர் யார் என்று எழுத ஒரு பத்தியும் இல்லை.

குருவே சொல்லியிருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தமிழகத்தில் விசுவாசம் பரவிய கதையை ஊன்றிப் படித்தால், பெரும்பாலும் குரு வந்தது இரண்டாவதாகவே. முதலில் வந்தவர் ஒரு பக்கத்து ஊர்க்காரர், ஓர் உறவினர், ஒரு வியாபாரி, ஒரு வேதியர். அவர் சொன்னதைக் கேட்டவர்கள், இன்னும் கேட்க ஆசைப்பட்டு, "சுவாமியாரை அழைத்து வாருங்கள்" என்றார்கள். இதுதான் மீண்டும் மீண்டும் நடந்தது.

மதுரையிலிருந்து தொடங்குவோம். 1595ல் அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் சேசு சபைக் குரு வந்து தங்கினார். நல்ல மனிதர், முன்னாள் போர்வீரர், உழைப்பாளி. கோவில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, நோயாளிகளைப் பார்க்க ஓர் இடமும் இருந்தது. முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்கும் போர்த்துக்கீசியருக்கும் குறைவின்றிப் பூசை நடந்தது. ஆனால் பதினோரு ஆண்டுகளில் அந்தப் பெரிய நகரத்து மக்களில் ஒருவர்கூட அவரிடம் வந்து ஞானஸ்நானம் கேட்கவில்லை. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்று மக்கள் நினைத்தார்கள். அவரும் அந்த எண்ணத்தை மாற்ற வழி தேடவில்லை. தம்மிடம் இருந்த மந்தையை ஒழுங்காக மேய்த்தார், அவ்வளவே. அவரைக் குறை கூறுமுன் நாம் சற்று யோசிக்க வேண்டும். பூசை, திருவிழா, தேர், அன்பியக் கூட்டம், கல்லறைத் திருநாள் எல்லாம் முறையாக நடந்தும், வெளியார் ஒருவர்கூட உள்ளே எட்டிப் பார்க்காத பங்குகள் இன்று எத்தனை!

1606ல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். காவி உடுத்தார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார் என்பதெல்லாம் நீங்கள் மறைக்கல்வி வகுப்பில் கேட்டதுதான். பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறோம். அவருடைய முதல் வெற்றி பிரசங்கத்தால் வந்ததன்று. ஒரு பள்ளி ஆசிரியரோடு ஏறக்குறைய இருபது நாள், நாள்தோறும் பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். ஆசிரியர் கேட்டார், இவர் பதில் சொன்னார். இவர் கேட்டார், அவர் பதில் சொன்னார். கடவுள் ஒருவரா, ஆன்மா மறுபடி பிறக்குமா என்று வாதம் போயிற்று. முடிவில் அந்த ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றார். ஒருவனுக்காக இருபது நாள்! நாமோ இருபது நிமிடம் ஒரு மனிதனோடு கடவுளைப் பற்றிப் பேசி எவ்வளவு காலமாயிற்று?

மதுரைக்கு முந்திய கடற்கரைக் கதையும் இதையே காட்டுகிறது. புனித சவேரியார் 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். எல்லா ஊரிலும் அவர் தங்க முடியுமா? ஆகவே ஊருக்கு ஒருவரைக் கணக்கப்பிள்ளை என்று ஏற்படுத்தி, மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். நோயாளிகள் கூப்பிட்டு அனுப்பினால் தமக்குப் பதில் சிறுவர்களை அனுப்புவார். அப்பிள்ளைகள் போய் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிச் செபித்து வருவார்கள். கணக்கப்பிள்ளைகளும் பிள்ளைகளும் இல்லையேல் சவேரியாரின் ஓட்டம் வெறும் ஓட்டமாகவே முடிந்திருக்கும். பின்னர் அதே கடற்கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. பதினாறே பக்கம். குருக்கள் பூசை வைக்கும் நூல் அன்று அது, சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மறைக்கல்வி நூல்.

நமது கொங்கு நாட்டுக்கு வருவோம். 1623ல் நொபிலி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று நடந்தார். அவருக்குப்பின் வந்த குருக்கள் சத்தியமங்கலம் வரை சென்றார்கள். கருமத்தம்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே விசுவாசிகள் கூட்டம் உண்டாயிற்று. நம் வட்டாரத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது தாய்க்கோவில். ஜெபமாலை மாதா பெயரால் விளங்கும் அக்கோவில் 2019ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. தேருக்கு வண்டி கட்டிப் போன நம் பாட்டன்மார் காலம் போய், இன்று பஸ்ஸிலும் பைக்கிலும் போய் வருகிறோம்.

காவேரிக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் இடையே பரந்து கிடந்த இந்த நாட்டில் குருக்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓர் ஊருக்குக் குரு வருடத்தில் ஒருமுறை வந்தால் அது பாக்கியம். மற்ற நாளெல்லாம் செபம் சொன்னவர், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தவர், சாகக்கிடந்தவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், கேட்க வந்த புறமதத்தாருக்கு விளக்கம் சொன்னவர் வேதியரே. உபதேசியார் என்றும் அழைத்தோம். வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார், சதுரகராதி செய்தார் என்று புலவர்கள் புகழ்கிறார்கள். அவர் 1727ல் இந்த வேதியர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார் என்பதைப் பலர் அறியார். காப்பியம் பாடிய கை, கிராமத்து உபதேசியாருக்காக எளிய உரைநடையில் நூல் எழுத உட்கார்ந்தது. அவர் வேதியரை எவ்வளவு பெரிதாக மதித்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஓரியூர்ப் புனிதர் அருளானந்தரின் மறைசாட்சியத்துக்குக் காரணமான நிகழ்ச்சியிலும் ஒரு வேதியர் இருக்கிறார். மறவர் தலைவர் தடியத்தேவர் தீராத நோயில் விழுந்து, சுவாமியாரை வரச் சொன்னார். அருளானந்தர் உடனே போகாமல் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் போய் நோயாளியின் அருகில் நற்செய்தி வாசித்துச் செபித்தார். நோய் நீங்கிற்று, தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் அழுதுகொண்டு அரண்மனை சென்றதன் முடிவு 1693 பெப்ரவரி 4ஆம் நாள் ஓரியூர் மணலில் சிந்திய இரத்தம். அருளானந்தருக்கு 1947ல் புனிதர் பட்டம் கிடைத்தது. நற்செய்தி வாசித்த அந்த உபதேசியாரை யார் நினைக்கிறார்கள்?

இனி நாம் சற்று நின்று பேச வேண்டியவர் புனித தேவசகாயம். அவர் 1712ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலர். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். அவருக்குக் கிறிஸ்துவைச் சொன்னவர் யார் தெரியுமா? குரு அல்லர், வேதியரும் அல்லர். 1741ல் குளச்சல் போரில் டச்சுக்காரர் தரப்பில் போரிட்டுத் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைத்தலைவராகிவிட்ட டிலனாய். பீரங்கி, கோட்டை, கவாத்து என்று இருந்த மனிதர். அவர் வேதம் போதிக்க நாஞ்சில் நாட்டுக்கு வந்தவர் அல்லர். அலுவல் நிமித்தம் இருவரும் பழகினார்கள். நீலகண்டனுக்குக் குடும்பத்தில் இழப்பு மேல் இழப்பு, கால்நடைகள் மாண்டன, மனம் உடைந்திருந்தார். "ஏன் இப்படி வாடியிருக்கிறீர்?" என்று நண்பர் விசாரித்தார், யோபுவின் கதையைச் சொன்னார். அவ்வளவுதான் தொடக்கம்.

இதில் நாம் காண்பது என்ன? டிலனாய் விவாதத்துக்குப் போகவில்லை. உன் தெய்வம் பொய் என்று சொல்லவில்லை. துன்பத்தில் இருந்த நண்பனிடம் தமக்குத் தெரிந்த ஆறுதலை மறைக்காமல் சொன்னார். கேட்டவர் மேலும் கேட்கவே, வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பி வைத்தார். அடிகளார் அவசரப்படவில்லை. அரண்மனை அலுவலர் வந்தாரே என்று குதூகலிக்கவுமில்லை. வரக்கூடிய ஆபத்தை எடுத்துச் சொல்லி, மாதக்கணக்கில் காத்திருக்க வைத்து, 1745 மே 14ஆம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தேவசகாயம் தம் மனைவி பார்கவியிடம் சொன்னார். அந்த அம்மாள் ஞானப்பூ என்ற பெயரோடு திருமறையில் சேர்ந்தார். சங்கிலி இப்படித்தான் நீள்கிறது: படைவீரர் அலுவலருக்கு, அலுவலர் மனைவிக்கு.

1749ல் அவரைப் பிடித்தார்கள். எருமைமேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்தார்கள். அடித்தார்கள், புண்ணில் மிளகாய் தடவினார்கள். மூன்றாண்டு அந்த நிலையில் இருந்தும் வாய் மூடவில்லை. அவரைப் பார்க்க மக்கள் கூடினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேண்டுதல் கேட்டுச் சென்றார்கள். 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாற்றுச் சவேரியார் கோவிலில் அடங்கியது. 2012ல் முத்திப்பேறு, 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதர் பட்டம். இந்திய நாட்டின் பொதுநிலையினருள் முதல் புனித மறைசாட்சி அவர். குருவானவர் இல்லை, துறவி இல்லை. உங்களைப்போலச் சம்பளத்துக்கு வேலை பார்த்த குடும்பஸ்தர்.

அவர் பெயரோடு ஒட்டிவந்த சாதிப் பெயரைப் புனிதர் பட்டத்தின்போது திருச்சபை விலக்கியது. நன்று. ஆயினும் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் விட முடியவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872ல் எழுந்த கோவில், பீடம் ஒன்றும் மக்கள் நிற்கும் கூடம் இரண்டுமாகக் கட்டப்பட்டது. சாதிக்கு ஒரு கூடம், நடுவில் சுவர். 1910ல்தான் சுவர் இடிந்தது. ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவரையொருவர் காணாதபடி சுவர் வைத்துக்கொண்டு, ஊராரை "வாருங்கள்" என்று எந்த வாயால் அழைப்பது? கல்லால் கட்டிய சுவர் விழுந்துவிட்டது. கல்யாணப் பேச்சிலும் கல்லறையிலும் கோவில் திருவிழா வரியிலும் நிற்கும் சுவர்களைப் பற்றிக் கொங்கு நாட்டவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தெருவில் நின்று நற்செய்தி சொல்லும் நூறு சொற்பொழிவை அச்சுவர் ஒன்றே பொய்யாக்கிவிடும்.

1773ல் திருத்தந்தை சேசு சபையைக் கலைத்தார். மதுரை மிஷன் தாயில்லாப் பிள்ளையாயிற்று. பாரீஸ் அந்நிய வேதபோதக சபையார் 1776ல் பொறுப்பேற்றாலும் ஆட்கள் போதவில்லை. போரும் பஞ்சமும் படையெடுப்பும் மாறி மாறி வந்த அக்காலத்தில் செபமும் ஜெபமாலையும் அணையாதிருந்தது குடும்பங்களாலும் வேதியராலுமே. இக்காலத்து ஒரு குருவை நாம் குறிப்பிட வேண்டும்: துபுவா அடிகளார். 1792ல் இந்தியா வந்து முப்பது ஆண்டுகள் மைசூர்ச் சீமையிலும் தென்னாட்டிலும் நம்மைப்போலவே உடுத்து உண்டு உழைத்தவர். அம்மைப்பால் வைக்கும் பணியைப் பரப்பி ஆயிரக்கணக்கானோரைக் காத்தவர். அவரே 1823ல் லண்டனில் வெளியான தம் கடிதங்களில், இந்துக்கள் கிறிஸ்தவராவது மனித முயற்சியால் ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். மனம் சோர்ந்த உழைப்பாளியின் தீர்ப்பு அது. அதை நாம் ஏளனம் செய்யவில்லை. முப்பது வருடம் உழைத்தவனுக்குச் சோர்வடைய உரிமை உண்டு. உழைக்காமலே சோர்ந்திருக்கும் நமக்குத்தான் இல்லை.

அவர் போய் இருபத்துமூன்று ஆண்டுகளில், 1846 அக்டோபர் 4ஆம் நாள், கருமத்தம்பட்டியில் ஒரு முப்பத்திரண்டு வயது இளைஞர் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். கோயம்புத்தூர் மிஷனின் முதல் ஆயர். 1844ல் புதுச்சேரியில் கூடிய சங்கத்தின் தீர்மானங்களில் அவருக்கு உயிராயிருந்தது ஒன்றே: இந்நாட்டுப் பிள்ளைகளைக் குருக்களாக்க வேண்டும், பொறுப்பை அவர்களிடம் கொடுக்க வேண்டும். ஐரோப்பியரை நம்பியே திருச்சபை நிற்கக்கூடாது என்றார். உடன் உழைத்தவர்கள் பலர் இதற்கு இசையவில்லை. சாதி ஆசாரங்களைப்பற்றிய சிக்கலும் அவர் மனச்சாட்சியை வருத்தியது. 1855ல் அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது. தோல்வி என்றுதான் அன்று சொன்னார்கள். அவரோ 1856ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவி, 1859ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன் சேர்ந்து, ஆறே வாரத்தில் கொள்ளைக் காய்ச்சலுக்குப் பலியானார். வயது நாற்பத்தைந்து. 2020ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. ஆப்பிரிக்காவில் இன்று பரந்து நிற்கும் அச்சபையின் நிறுவனர் நமது கொங்கு மண்ணில் ஆயராக வாழ்ந்தவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாமா? இந்நாட்டவரை நம்பவேண்டும் என்று அவர் சொன்னது பலித்துவிட்டது. இன்று கோவை மறைமாவட்டத்தின் ஆயரும் குருக்களும் இம்மண்ணின் மைந்தர்களே.

இப்போது ஒரு சிலர் மனதில் எழும் கேள்வி நமக்குத் தெரியும். "சுவாமி, இந்தக் காலத்தில் இதையெல்லாம் பேசலாமா? மதமாற்றம் என்று வம்பு வராதா?" நேராகவே சொல்கிறோம். நமது அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் தன் மதத்தை ஏற்கவும் அனுசரிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 'பரப்ப' என்னும் சொல் எளிதில் வரவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதை நீக்கவேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். நம் தமிழ்நாட்டு டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தம்மை மாற்ற முயற்சி நடந்ததில்லை என்று கூறி அச்சொல்லை ஆதரித்தார். ஓர் இந்துத் தலைவர், தாம் கண்ட கிறிஸ்தவ ஆசிரியர்களின் நேர்மையைக் கொண்டு நமக்காக வாதாடினார்! 1977ல் உச்சநீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தன் மதக் கொள்கையை எடுத்துரைக்கும் உரிமையே, பிறரை மாற்றும் உரிமை அன்று எனத் தீர்ப்பளித்தது. 2002ல் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பள்ளியில் இடம் தருகிறோம், கடன் வாங்கித் தருகிறோம், வா என்று ஆள் சேர்ப்பது சட்டத்துக்கு முன்பே வேதத்துக்கு விரோதம். 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாச விஷயத்தில் யாரையும் வற்புறுத்தலாகாது என்று தெளிவாக எழுதிவைத்தது. மாற்றுவது ஆவியானவரின் வேலை. டிலனாய் யாரையும் மாற்றவில்லை, சொன்னார். சொல்லுவதற்கு நமக்குத் தடை ஏது? தடை வெளியில் இல்லை என்பதே நமது எண்ணம். நம்மிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்பதே பயம்.

கணியூர் மக்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம். தறிக்கொட்டகையிலும் நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் நீங்கள் நாளொன்றுக்கு எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் யார்? பெரும்பாலும் நம் விசுவாசத்தைச் சேராதவர். அவர் உங்களைப் பல வருடமாகப் பார்க்கிறார். கூலிக்கணக்கில் நேர்மையைப் பார்க்கிறார், சண்டையில் உங்கள் வாயைப் பார்க்கிறார், சம்பள நாள் சாயங்காலம் நீங்கள் எந்தத் தெருவில் திரும்புகிறீர்கள் என்றும் பார்க்கிறார். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "செபம் பண்ணுகிறேன்" என்று சொல்லக்கூட நமக்கு நா எழுவதில்லை. வேளாங்கண்ணிக்கு நம்மோடு வேண்டுதல் வைத்து நடந்து வருகிற அவரோ கூச்சப்படுவதில்லை.

இன்னொரு கூட்டமும் இப்போது நம் நடுவில் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று வடக்கிலிருந்து பிழைப்புக்கு வந்த இளைஞரும் பெண்களும் திருப்பூர் வட்டாரமெங்கும் தங்கியிருக்கிறார்கள். ஜார்க்கண்ட் மலைப்பகுதியில் 1885ல் லீவன்ஸ் அடிகளார் நிலம் பறிகொடுத்த ஆதிவாசிகளுக்காக நீதிமன்றம் ஏறி வழக்காடி, விசுவாசமும் சொன்னார். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளிலும் சிலர் ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கிறார்கள். தமிழ் புரியாமலே முழந்தாளிடுகிறார்கள். நம்மில் எத்தனை பேர் அவர்களில் ஒருவருடைய பெயரைக் கேட்டிருக்கிறோம்?

வேதியர் என்ற பதவி ஒரு காலத்தில் நம் ஊர்களில் மரியாதைக்குரியதாக இருந்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போவார், கையில் செபப் புத்தகம், பையில் கல்யாண ஓலை. பிறகு குருக்கள் பெருகினார்கள், கன்னியர் மடங்கள் பெருகின, வேதியர் மறைந்தார். லாபமா நட்டமா என்று கணக்குப் பார்த்தால், நட்டம்தான் என்போம். எல்லாவற்றையும் சுவாமியாரும் சிஸ்டரும் பார்த்துக்கொள்வார்கள் என்ற பழக்கம் அப்போதுதான் வந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக, ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியதாக, ஏற்படுத்தினார். சவேரியாரின் கணக்கப்பிள்ளைக்கு ஏறக்குறைய 480 ஆண்டு கழித்துக் கிடைத்த அங்கீகாரம் இது.

நம் வீட்டு முதியவர்கள் இருக்கும்போதே ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். "நம் குடும்பத்துக்கு முதலில் வேதத்தைச் சொன்னது யார்?" என்று கேளுங்கள். சிலருக்கு ஒரு பாட்டியின் பெயர் ஞாபகம் இருக்கும், சிலருக்கு அடுத்த ஊர் நெசவாளி ஒருவரின் பெயர், சிலருக்கு ஒன்றும் இராது. தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கோவிலில் சேர்ப்பியுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தோடு வைத்துப் பாதுகாக்க ஒரு தனி நோட்டுப் போட்டிருக்கிறோம். முதற்பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.